முதல் நாள் துணி

இந்த ஊரில் விடிந்தும் விடியாத நேரத்தில் குழந்தைகளைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் பக்கத்தில் வெளியே போய்விட்டு வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதைப் போல, இங்கே பிள்ளையைப் பழைய சேலைக்குள் போட்டு, சேலையை உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு தாய் மலையேறிப் போய்விடுகிறாள். நான் இலங்கைக்கு வந்த புதிதில் ஒரு நாள் காலை, பனிமூட்டத்தில் வழி தவறி அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே வரிசையாகத் தொங்கிய சேலைகளைப் பார்த்ததும், மழை ஊராயிற்றே, துவைத்த துணியைக் கூரைக்கு அடியில் காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே நிற்கும்போது ஒரு துணி தும்மியது. நான் போட்ட கூச்சலில் மற்றத் துணிகளும் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. பிள்ளைக் காம்பராவுக்கும் எனக்கும் ஏற்பட்ட முதல் அறிமுகம் இதுதான்.

லிந்துலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். என் கணவர் இந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆகவே எனக்குக் கிளாக்கரம்மா என்று பெயர். கும்பகோணத்தில் என் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயரை இங்கே என் கணவரைத் தவிர வேறு யாரும் அறியமாட்டார்கள். அவரும் கோபம் வந்தால்தான் சொல்வார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் இடத்துக்கு, அவர்கள் நேரத்தோடு போயாக வேண்டும். அதற்காகத்தான் தோட்டத்திலேயே குழந்தைகளுக்கென்று பிள்ளைக் காம்பரா என்கிற இந்தத் தனிக் கட்டடமும், பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆயாவும். பத்து மணிக்குத் தாய்மார் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். நம் காவிரிக் கரையில் நடவுக்குப் போகிறவள் வரப்போரத்து மரக்கிளையில் தூளியைக் கட்டிவிட்டு, நாற்றுக்கு ஒரு கண்ணும் பிள்ளைக்கு ஒரு கண்ணுமாக நிற்பாள். இங்கே சுண்ணாம்பு அடித்த சுவர், சிமெண்டுத் தரை, பெயர்ப் புத்தகம் எல்லாம் உண்டு. ‘இந்த நாட்டில் ஏழைக் குழந்தைக்குக் கட்டடம் கட்டித் தந்திருக்கிறார்கள்’ என்று அக்காவுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினேன். சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளை, மலைக்கு அந்தப் பக்கம் தாய் என்பதை எழுத அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் குழந்தை வளர்ப்பில் சான்றிதழ் பெற்றவள். கல்யாணத்துக்கு முன் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் ஆறு வாரம் வகுப்பு நடத்தினார்கள். ஒரு கை இல்லாத ரப்பர் பொம்மையை வைத்துக்கொண்டு குளிப்பாட்டவும் துடைக்கவும் தூளியில் போடவும் கற்றுக்கொண்டோம். நான்தான் வகுப்பில் முதல். அந்தப் பொம்மையோடு ஊருக்கு வெளியே உள்ள குடிசைகளுக்குப் போய், பால் பொடி கொடுத்து, சுத்தத்தைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றுவோம். ஒருமுறை நான் பொம்மையைக் குளிப்பாட்டிக் காட்டியபோது, இடுப்பில் நிஜக் குழந்தையோடு நின்ற ஒருத்தி, “இது அழுவாதுங்களே, இதக் குளிப்பாட்ட யாருக்குத்தான் தெரியாது?” என்றாள். படிப்பில்லாதவள் என்று அவளை மனத்துக்குள் மன்னித்தேன். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டுச் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கடல் கடந்து கொண்டுவந்திருந்தேன்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. கணவர் காலையிலேயே ஆபீசுக்குப் போய்விடுவார். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டே இருக்கும். பேச ஆளில்லாமல் நான் அடுப்போடு பேசத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள், “பிள்ளைக் காம்பராவுக்குப் போய் உதவி செய்யலாம் என்று இருக்கிறேன்” என்றேன். கணவர் சாப்பிட்ட கையோடு என்னைப் பார்த்தார். தோட்டத்து உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் லயத்துப் பக்கமே போகமாட்டார்கள். லயம் என்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அங்கே போனால் மதிப்புக் குறையும் என்று ஒரு நினைப்பு. “போ. ஆனா அங்க இருக்கறது ரப்பர் இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பிள்ளைக் காம்பராவின் ஆயா பெயர் மாரியாயி. முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பறிப்புக்காரியாக இருந்தவள். நிறைந்த கூடையோடு மலையில் மழைநீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்து கால் முறிந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. மலையேற முடியாது என்பதால் இந்த வேலை. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு மகள். செக்ரோல் என்கிற தோட்டத்துப் பெயர்ப் பட்டியலில் மாரியாயியின் பெயர் இருக்கும்வரைதான் லயத்தில் அவர்களுக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. பெயரை வெட்டினால் சட்டிபானையோடு வெளியேற வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது, ஏனென்றால் அந்தப் பட்டியலை எழுதுவதே என் கணவர்தான்.

நான் போய், “நானும் தினம் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கறேன்” என்றதும் மாரியாயி முகம் வெளுத்துவிட்டது.

“ஐயாவுக்கு வேல போயிருச்சுங்களாம்மா?”

இல்லை, சும்மா உதவிக்கு என்றேன். “சம்பளம் இல்லாமயா?” என்றாள். ஆமாம் என்றேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது விளங்கவே இல்லை. இங்கே கூலிக்குப் பெயர் போடாமல் ஒரு புல்லைக்கூட யாரும் பிடுங்கமாட்டார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளை உட்காராத என் வெறும் இடுப்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. “வேண்டுதலுங்களா?” என்றாள். நான் பதில் சொல்லத் திணறியதை அவள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த தாய்மார் அத்தனை பேருக்கும், கிளாக்கரம்மா பிள்ளை வரம் கேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய வந்திருக்கிறார்கள் என்ற செய்தி கிடைத்துவிட்டது. “எத்தன நாளைக்குங்கம்மா?” என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள். அன்று மாலை கணவரிடம் புலம்பினேன். “ஒரு மண்டலம்னு சொல்லிவை, நாப்பத்தெட்டு நாள்ல தப்பிச்சுக்கலாம்” என்றார். அப்படியே சொன்னேன். மறுநாளிலிருந்து மாரியாயி சுவரில் கரியால் கோடு போட்டு என் நாட்களை எண்ண ஆரம்பித்தாள். பிள்ளை இல்லாத குறைக்காக நான் அங்கே போகவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அப்படி அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேலை நன்றாகத்தான் போயிற்று. மூக்கு துடைத்தேன். நகம் வெட்டினேன். பதினேழு குழந்தைகள். யார் யாருடைய பிள்ளை, யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று மாரியாயி பாடமாகச் சொல்வாள். அதோடு தோட்டத்து வம்பும் சொல்வாள். அப்படிச் சொன்னதில் ஒன்று, தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் நடந்தது. துரையின் நாய் அவருடைய பழைய மழைக்கோட்டின் மேல்தான் படுக்குமாம். சமையற்காரன் அதை நாற்றம் தாங்காமல் துவைத்துப் போட்டுவிட்டான். நாய் இரண்டு நாள் தின்னாமல் குடிக்காமல் ஊளையிட்டுக்கொண்டே இருந்ததாம். துரை அந்தக் கோட்டை மறுபடி மழையிலும் வெயிலிலும் போட்டுக்கொண்டு அலைந்து, வியர்வை ஏற்றிக் கொடுத்த பிறகுதான் அது படுத்ததாம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் கதையிலிருந்து நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. மாதர் சங்கத்து வகுப்பில் நாய்க்குப் பாடம் கிடையாது.

என் கண்ணை உறுத்தியதெல்லாம் அந்தத் தூளிச் சேலைகள்தான். அடுப்புப் புகை, தேயிலைச் சாறு, வியர்வை, பால், இன்னும் சொல்லத் தேவையில்லாதவை எல்லாம் ஏறி, எந்தச் சேலை எந்த நிறத்தில் பிறந்தது என்றே தெரியாது. கதவோரம் ஆணியில் ஒரு தலைத்துணி வேறு தொங்கியது. கொழுந்து பறிப்பவர்கள் கூடைக் கயிறு நெற்றியை அறுக்காமல் இருக்கத் தலையில் போட்டுக்கொள்வது. கறையேறி விறைத்துப்போயிருந்தது. ஒரு நாள் அதை எடுக்கக் கை நீட்டினேன். மாரியாயி குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். “அதத் தொடாதீங்கம்மா! அது நான் மலைக்குப் போன நாளையில போட்டது.” பிறகு தணிந்து, புதிதாக வருகிற பிள்ளைக்கு முதல் நாள் இடம் பிடிக்காது, தூங்காது, அந்தத் துணியைத் தலைமாட்டில் போட்டால் மலை வாடைக்குத் தாய் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தூங்கிவிடும் என்றாள். மூடநம்பிக்கை என்று முடிவு செய்தேன்.

என் வேண்டுதலின் முப்பதாவது நாள் சனிக்கிழமை. மறுநாள் தோட்டத்துக்கு விடுமுறை. மாலையில் பிள்ளைகள் போனதும் எல்லாத் தூளிகளையும் கழற்றிக் குவித்தேன். மாரியாயி கையைப் பிசைந்தாள். “அம்மா, அது அதுக்கு அதோட சீலதான் வேணுமுங்க” என்றாள். சேலைகள் மாறிப்போய்விடும் என்று பயப்படுகிறாள் என நினைத்து, “கவலைப்படாதே, நான் அடையாளம் போட்டு வைக்கிறேன்” என்றேன். அதற்கு மேல் கிளாக்கரம்மாவை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. லிந்துலைக் கடைவீதியில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியின் கடைக்குப் போய், சிவப்புக் கார்பாலிக் சவுக்காரம் கட்டி கட்டியாகவும் பல வண்ண நூலும் வாங்கினேன். “என்னம்மா, தோட்டத்துல கலியாணமா?” என்று நானா கேட்டார். ஒவ்வொரு சேலை முனையிலும் ஒரு வண்ணத்தில் நூல் கட்டினேன். வெந்நீரில் ஊறப்போட்டு, சவுக்காரம் தேய்த்து, கல்லில் அடித்து, மூன்று தண்ணீரில் அலசினேன். இந்த ஊரில் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. ஞாயிறு முழுவதும் அடுப்பைச் சுற்றிக் கொடி கட்டி உலர்த்தி, இஸ்திரியும் போட்டேன். என் கணவர் ஈரச் சேலைகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து நடந்து சாப்பாட்டைத் தேடினார்.

திங்கட்கிழமை விடியலில் பதினேழு தூளிகளும் அவரவர் கொக்கியில் பளிச்சென்று தொங்கின. அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அம்மாள் இதைப் பார்க்க வேண்டுமே என்று நெஞ்சு விம்மியது. தாய்மார் இருட்டில் அவசரமாக வந்தார்கள். “ஆஸ்பத்திரி வாட அடிக்குதே” என்று ஒருத்தி சொன்னாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால் பிள்ளைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

முதலில் ஒன்று அழுதது. ராக்கம்மா என்கிற பெண்ணின் மகன், நாலு மாதக் குழந்தை. ஆட்டினேன். இன்னும் உரக்க அழுதான். பக்கத்துத் தூளி சேர்ந்துகொண்டது. அதற்கு அடுத்தது. கால்மணி நேரத்தில் பதினேழு கொக்கியிலிருந்தும் அழுகை இறங்கியது. பசி அழுகை எனக்குத் தெரியும், வயிற்றுவலி அழுகையும் தெரியும், இது இரண்டும் இல்லை. எங்கேயோ கொண்டுவந்து விட்டுவிட்டார்களே என்கிற அழுகை. துணியில் முகத்தைத் தேய்த்து மோந்து பார்த்து, ஏமாந்து, மறுபடி கத்தின. நான் தாலாட்டுப் பாடினேன். வாய்ப்பாடு சொன்னேன். கடைசியில் தேவாரமும் பாடினேன். மாரியாயி காலை இழுத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். தன் தலைத்துணியை ராக்கம்மா மகன் தலைமாட்டில் போட்டாள், அவன் ஒருவன் அடங்கினான். மற்றப் பதினாறுக்கும் துணிக்கு எங்கே போவது?

அழுகை மலைவரை எட்டிவிட்டது. அன்று கொழுந்து பறித்தது பிள்ளைக் காம்பராவுக்கு நேர் மேலே உள்ள சரிவில். தன் பிள்ளையின் குரல் ஒரு தாய்க்கு எத்தனை குரலுக்கு நடுவிலும் தெரியும் என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். பச்சைச் சரிவில் ஒரு கூடை நின்றது. திரும்பியது. இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. வேலை வாங்கும் கங்காணி தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை, வரிசை வரிசையாகக் கூடைகள் மலையிலிருந்து இறங்கி வந்தன. தொழிற்சங்கங்கள் சூடாக இருந்த காலம் அது. வளைவில் மோட்டார் சைக்கிளில் வந்த துரை, வேலை நேரத்தில் பெண்கள் கூட்டமாக இறங்குவதைப் பார்த்ததும் வேலைநிறுத்தம் என்றே நினைத்துவிட்டார். ஆபீசிலிருந்த என் கணவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே பிள்ளைக் காம்பராவுக்கு வந்து நின்றார்.

எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். கங்காணிகள் ஆட்களை அதட்டும்போது கேட்டுக் கேட்டுக் கற்ற தமிழ். அதில் ‘நீங்கள்’ என்ற சொல்லே கிடையாது. நான் அவரிடம் இங்கிலீஷில் பேசினாலும் அவர் தமிழில்தான் பதில் சொல்வார். “என்ன ஸ்ட்ரைக்? யார் சொன்னது? நீ சொல்லு!” என்று வாசலில் நின்று கத்தினார். தாய்மார் அவரவர் பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். மாரியாயி அவரைக் கவனிக்கவேயில்லை. “அடியே, தலத்துணிய அவுத்துத் தூளிக்குள்ள போடுங்கடி, நேரமாகுது!” என்று சத்தம் போட்டாள். தாய்மார் தலைத்துணியை அவிழ்த்து, தூளிக்குள் விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்தார்கள். ஒன்று விக்கியது. இன்னொன்று கட்டை விரலை வாயில் வைத்தது. ஐந்து நிமிடத்தில் மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் உயிர் வந்தவளாகச் சுவரில் சாய்ந்தேன். வினை அப்போதுதான் தொடங்கியது. துரை துவைத்த தூளிகளைத் தொட்டுப் பார்த்தார். “சுத்தம். நல்லது” என்றார். பிறகு மாரியாயி பக்கம் திரும்பினார். “நீ சொன்னா பிள்ளை வாயை மூடுது. முன்னாலே ஏன் செய்யல்லே? மலை பூரா வேலை நின்னுபோச்சு. கிளாக்கர், இவ பேர் வெட்டு. பத்துச்சீட்டு குடு.” பத்துச்சீட்டு என்பது, இனி உனக்கு இந்தத் தோட்டத்தில் இடமில்லை என்று கையில் கொடுத்தனுப்பும் காகிதம். என் கணவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டார், எடுக்கவில்லை. மாரியாயி தரையைப் பார்த்துக்கொண்டு, “எம்மேல தப்புதாங்க தொர” என்றாள். என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பொழுதுபோகாமல் துவைத்த துணிக்கு அவளும் அவள் மகளும் நடுத்தெருவில் நிற்கப் போகிறார்கள்.

முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்து இங்கிலீஷில், “துணிகளைத் துவைத்தது நான், காரணம் வாசனை” என்றேன். துரை மூக்கைச் சுளித்துக் காற்றை மோந்தார். “நாத்தமா? சரி. அதுக்கும் இவதான். இடத்தை நல்லாக் கழுவல்லே” என்று மாரியாயி கணக்கில் இன்னொரு குற்றத்தையும் சேர்த்தார். இல்லை, வாசனை போய்விட்டதுதான் குற்றம் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்த பார்வை, உன் வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்பது போல இருந்தது. தாய், பிள்ளை, பால் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்களையெல்லாம் இறைத்தேன். அவர் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மாரியாயி வாய்க்குள்ளேயே, “நாய்க் கதையச் சொல்லுங்கம்மா” என்றாள்.

“சார், உங்கள் நாய்” என்றேன். “சமையற்காரன் கோட்டைத் துவைத்த அன்றைக்கு உங்கள் நாய் என்ன செய்தது? இங்கே நான்தான் அந்தச் சமையற்காரன்.”

துரையின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. அந்தக் கதை தோட்டம் முழுக்கத் தெரியும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தூளிக்குள் எட்டி, தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு தூங்கும் ஒரு குழந்தையைப் பார்த்தார். “இவ பேர் இருக்கட்டும்” என்றார். என் பக்கம் திரும்பி, “அம்மா, நீ இனிமே ஒண்ணும் கழுவாதே” என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துப் போய்விட்டார். தாய் என்றபோது விளங்காதது நாய் என்றதும் விளங்கிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த ஆத்திரத்துக்கு எனக்கு உரிமையில்லை. நாய்க் கதை முன்பே தெரிந்திருந்தும் விளங்கிக்கொள்ளாதவள் நான்.

பெண்கள் மலையேறிய பிறகு மாரியாயியைப் பிடித்துக்கொண்டேன். “நான்தான் செஞ்சேன்னு துரைகிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“அம்மா பேரச் சொன்னா உங்கள வரவேணாமின்னுருவாங்க. இன்னும் பதினேழு நாளுதானங்க இருக்கு. வேண்டுதல் பாதியில நின்னா அம்மன் பிள்ளையத் தருவாளா?” என்றாள்.

நான் வைக்காத ஒரு வேண்டுதலுக்காக அவள் தன் வீட்டையே பணயம் வைத்திருந்தாள். பதினேழு தூளிக்கு நடுவில் உட்கார்ந்து நான் அழுதேன். சத்தம் போடாமல் அழச் சொன்னாள், பிள்ளைகள் எழுந்துவிடுமாம். அன்று சாயங்காலம் தோட்டத்துக் கோவிலுக்குப் போய் உண்மையிலேயே ஒரு வேண்டுதல் வைத்தேன். மாரியாயியின் பெயர் செக்ரோலில் இருக்க வேண்டும் என்பதுதான் அது. தாய்மார் கூடிப் பேசி, கிளாக்கரம்மா நடுவில் குற்றம் செய்துவிட்டதால் மண்டலத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். மாரியாயி இருந்த கரிக்கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு ஒன்று போட்டாள். என் கணவர் அதைக் கேட்டு நான்கு நாள் சிரித்தார்.

அது நடந்து நாலு வருடமாகிறது. மண்டலங்களை எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அம்மன்மேல் மாரியாயிக்கு இந்த விஷயத்தில் கடும் கோபம், கோவிலுக்குப் போனால் என் பங்குக்கும் சேர்த்துச் சண்டை போட்டுவிட்டு வருகிறாள். நான் கேட்டது கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. தூளிகளை இப்போது தாய்மாரே துவைக்கிறார்கள், தங்களுக்குத் தோன்றும்போது, பாதியாக. சான்றிதழ் பெட்டியின் அடியில் கிடக்கிறது.

போன சித்திரையில் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் புறப்பட்டேன். பாஸ்போர்ட், திரும்பி வருவதற்கான அனுமதி என்று கணவர் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். மாரியாயி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் அவள் அப்பாவும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள், ஆனாலும் அவளிடம் எந்த நாட்டுக் காகிதமும் கிடையாது. குடியுரிமைக்கு எழுதிப் போட்டு வருடக்கணக்காகிறது, பதில் இல்லை. “தொறையூருப் பக்கம் எங்க ஆளுக யாராச்சும் இருந்தா, நாங்க நல்லாருக்கோமுன்னு சொல்லுங்கம்மா” என்றாள். அவள் முன்னோர் புறப்பட்டு வந்த துறையூரை அவள் பார்த்ததில்லை. பெட்டி கட்டத் தானே உதவுவதாகப் பிடிவாதம் பிடித்து வந்து, கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலைப் பிடித்துக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தேன்.

ஊரில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ‘சிலோன்காரி வந்துட்டா’ என்று தெருவே வந்து பார்த்தது. அறையை நான் காம்பரா என்றதற்குச் சிரித்தார்கள். தோட்டத்தில் நான் ஊரிலிருந்து வந்தவள், ஊரில் நான் தோட்டத்திலிருந்து வந்தவள். மூன்று நாளாகக் கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை. வெயிலும் பழக்கம் விட்டுப்போயிருந்தது, கூரையில் மழைச் சத்தமும் இல்லை. நாலாம் நாள் மத்தியானம் அக்கா என் பெட்டியைத் திறந்து, “என்னடி இது, துணியெல்லாம் ஒரே புகை வாடை!” என்று ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீர் அண்டாவில் போட ஆரம்பித்தாள். சுத்தம் எங்கள் குடும்பத்து வியாதி. நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் அடியில் கை விட்டவள் எதையோ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். கறையேறி, விறைத்து, மூலை கிழிந்த ஒரு தலைத்துணி.

“இது என்ன, அடுப்பு துடைக்கிற துணியா? இதையுமா கட்டிக்கிட்டு வந்தே?” என்று அதை அண்டாவுக்கு மேலே கொண்டுபோனாள்.

நான் எழுந்த வேகத்தில் சொம்பு உருண்டது. “அதைப் போடாதே!” என்று கத்திப் பிடுங்கிக்கொண்டேன். கையில் சவுக்காரத்தோடு அக்கா என்னையே பார்த்தாள்.

“அது புதுசா வந்த பிள்ளைங்களுக்குப் போடறது அக்கா. முதல் நாள் இடம் பிடிக்காம தூக்கம் வராதில்ல, அதுக்கு.”

“இங்க யாருடி புதுசா வந்திருக்கா?” என்று அக்கா கேட்டாள்.

நான் பிறந்த அதே அறையில், அந்தத் துணியைத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு படுத்தேன். தேயிலையும் புகையும் மழையும் மணத்தன. விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் தூங்கினேன்.